அயல் மண்ணில் சொல் பயின்ற பேரறிஞர் அல்பீரூனி



அரபு நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் இளைஞர் ஒருவரும், மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்ற மௌலவி ஒருவரும் உங்கள் வீட்டுத் திண்ணையில் அருகருகே அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்னவருக்குக் கடைவீதி அரபி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஓர் அரபுக் கிதாபின் ஒரு பக்கத்தை விரித்துக் கொடுத்தால் திகைத்துப்போவார். பின்னவர் கிதாபைத் தடையின்றி வாசிப்பார். கடைவீதியில் நிறுத்தினால் திகைத்துப்போவார். பிறரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. முதன்முறை மக்கா முகர்ரமாவிற்குச் சென்றிருந்தபோது, பால் வாங்கக் கடைக்குப் போன நான், ஓதிய ஓதலை நம்பி 'லபன்' கேட்டேன். திருமறையில் பாலுக்கு அச்சொல்லே வந்திருக்கிறது. கடைக்காரர் தந்த புட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது மோர்! அவ்வூரில் பாலை 'ஹலீப்' என்பார்கள் என்பதை அந்த மோரைக் குடித்துக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

ஏட்டில் பயின்ற சொல் ஒன்று. அம்மொழி வழங்கும் மண்ணில் காதால் கேட்கும் சொல் வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பள்ளத்தில் இறங்கி நடந்து, அங்கே தாம் பட்ட பாட்டை ஒளிவு மறைவின்றி எழுதிவைத்த பெரியார் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார்கள். அவர்களே அபூரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி (ரஹ்) அவர்கள். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில், சுல்தான் மஹ்மூதின் படையெடுப்புகளைக் கூறும் பாடத்தின் ஓரத்தில் ஒரு வரியாக இப்பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரி போதாது.

ஹிஜ்ரி 362ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 973இல், ஆமூ நதி பாயும் குவாரிஸம் நாட்டில், காத் என்னும் தலைநகரை ஒட்டி அன்னார் பிறந்தார்கள். அப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. பாரசீகத்தில் 'பீரூன்' என்றால் வெளி. நகருக்கு வெளியே பிறந்தவர் ஆதலால் பீரூனி, அதாவது வெளியூரார், என்ற பெயர் நிலைத்தது என்பர். வாழ்நாள் முழுவதும் அப்பெயருக்கேற்ப எங்கே சென்றாலும் வெளியூராராகவே அவர்கள் இருந்தார்கள்.

அன்னாரின் தாய்மொழி குவாரிஸமி. இன்று அம்மொழியைப் பேசுவார் எவருமில்லை. அறிவு நூல்களை அம்மொழியில் எழுதினால், கூரைத் தூம்பின்மீது ஒட்டகம் நிற்பதுபோல் அது வியப்பாகத் தோன்றும் என்று முதுமையில் அவர்கள் நகைச்சுவையாகக் குறிப்பிட்டதுண்டு. எனவே அரபியையும் பாரசீகத்தையும் உழைத்தே கற்றார்கள். அவ்விரண்டிலும் தாம் விருந்தினரே என்பதை மறைக்கவுமில்லை. நாமும் அரபிக்கு விருந்தினர்தாம். ஆகவே இந்தப் பேரறிஞர் நம்மைப் போன்றவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இளமையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ரோமர் நாட்டைச் சேர்ந்த ஒருவர் குவாரிஸத்தில் வந்து குடியேறியிருந்தார். சிறுவரான அல்பீரூனி அவர்கள் கையில் கிடைத்த தானியம், விதை, கனி, செடி எதையும் விடாமல் அவரிடம் எடுத்துச் சென்று, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்பார்கள். கேட்டதை உடனே எழுதிக்கொள்வார்கள். பொருள் ஒரு கையில், எழுதுகோல் மறு கையில். இரண்டுக்கும் நடுவே அம்மொழிக்குரியவரின் வாய். பின்னாளில் இந்திய மண்ணில் அவர்கள் கையாண்ட முறை முழுவதும் இந்தச் சிறுவனின் செயலில் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

கி.பி. 995இல் குவாரிஸத்தில் மூண்ட உள்நாட்டுப் போர் அவர்களைச் சொந்த ஊரிலிருந்து துரத்தியது. ரை நகரில் சில காலம் வறுமையில் வாடினார்கள். ஜுர்ஜான் நாட்டு அரசவையில் இடம் கிடைத்தது. அங்கே கி.பி. 1000ஐ ஒட்டி, பல சமூகத்தாரின் ஆண்டுக் கணக்குகளையும் மாதப் பெயர்களையும் திருநாட்களையும் திரட்டி 'அல் ஆஸாருல் பாகியா' என்னும் நூலை எழுதினார்கள். பின்னர் தாயகம் திரும்பி அரசருக்கு ஆலோசகராகவும் இருந்தார்கள். இவையெல்லாம் விரித்துரைக்கத் தக்கவை. ஆயினும் நமது பேச்சு இந்தியாவைப் பற்றியது.

கி.பி. 1017இல் கஜினி சுல்தான் மஹ்மூது குவாரிஸத்தை வென்றார். வென்ற நாட்டின் அறிஞர்களையும் செல்வத்தோடு செல்வமாகத் தம் தலைநகருக்குக் கொண்டு சென்றார். அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவர்களுள் நாற்பத்து நான்கு வயதை எட்டியிருந்த அல்பீரூனி அவர்களும் ஒருவர். கைதி என்று சொல்ல இயலாது. விருப்பம்போல் புறப்பட்டுச் செல்லக்கூடியவர் என்றும் சொல்ல இயலாது. இக்காலத்தில் மேற்படிப்பிற்கு அயல்நாடு செல்வோருக்கு அழைப்புக் கடிதமும் உதவித்தொகையும் விடுதி அறையும் உண்டு. அன்னாரை அயல்நாட்டு மாணவராக்கியதோ ஒரு படையெடுப்பு.

இங்கேதான் அவர்களுடைய பெரும் சோதனை தொடங்கிற்று. சுல்தானின் ஆட்சி பரவிய வழியே அவர்கள் பஞ்சாபிற்கு வந்தார்கள். தாம் கண்ட ஊர்களை அவர்களே கணக்கிட்டு எழுதியுள்ளார்கள்: பெஷாவர், ஜீலம், சியால்கோட், லாகூர்ப் பகுதி, முல்தான், நந்தனா கோட்டை. இவற்றிற்கு அப்பால் இந்தியாவில் தாம் சென்றதில்லை என்றும் நேர்மையாகக் கூறிவிட்டார்கள். நந்தனாவில் மலையுச்சியிலிருந்து தொடுவானத்தின் தாழ்வை அளந்து பூமியின் ஆரத்தைக் கணித்தது உலகம் அறிந்த சாதனை. ஆனால் அவர்கள் தேடிய சமஸ்கிருத அறிவு அவ்வூர்களில் எளிதாகக் கிடைப்பதாயில்லை. படையெடுப்பால் நாடு சிதறியிருந்தது. கற்றறிந்த பண்டிதர்கள் கஷ்மீருக்கும் காசிக்கும், சுல்தானின் கை எட்டாத பிற இடங்களுக்கும் சென்றுவிட்டிருந்தார்கள். எஞ்சியிருந்தோர் உள்ளத்தில் முஸ்லிம்கள்பால் ஆழ்ந்த வெறுப்பு வேரூன்றியிருந்தது. இதனையும், இதற்குச் சுல்தானின் படைகள் விளைத்த அழிவே காரணம் என்பதையும், அந்தச் சுல்தானின் தலைநகரில் வாழ்ந்துகொண்டே அல்பீரூனி அவர்கள் தமது நூலில் எழுதினார்கள். எழுதியவரின் நெஞ்சுரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

சொல் என்பது கடையில் விலைக்குக் கிடைக்கும் சரக்கன்று. ஒருவர் மனமுவந்து தம் மொழியை நம் காதில் போட வேண்டும். நாம் தவறாகச் சொல்லும்போது பொறுமையோடு திருத்த வேண்டும். வெறுப்பின் நடுவே நிற்கும் வேற்று நாட்டார் ஒருவருக்கு யார் அவ்வாறு செய்வார்? அன்னார் செலவைப் பாராமல், சமஸ்கிருத நூல்கள் இருக்கக்கூடிய இடங்களிலிருந்தெல்லாம் அவற்றைத் திரட்டினார்கள். அவற்றை விளக்க வல்ல பண்டிதர்களைத் தொலைவிடங்களிலிருந்தும் வரவழைத்தார்கள். அதனினும் மேலாக, வானியலில் தமக்கு நிகர் இல்லாதிருந்தும், அப்பண்டிதர்கள் முன் ஆசிரியர் முன் மாணவர் போல அமர்ந்தார்கள். வென்றவரின் அவையிலிருந்து வந்தவர், தோற்றவரின் முன் மாணவராக அமர்ந்த காட்சி அது.

அன்னார் வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். இந்தியரின் வானியல், ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் அப்பாஸிய கலீபா மன்சூரின் காலத்திலேயே பக்தாதிற்குச் சென்று அரபியில் பெயர்க்கப்பட்டிருந்தது. அவ்வகை நூல்களை அவர்கள் முன்பே பயின்றிருந்தார்கள். அவற்றுள் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் இந்தியச் சொற்களைப் பொருள் விளங்காதபடி அப்படியே விட்டுவைத்திருந்ததைக் கண்டு, அதனைத் தம் நடையில் திருத்தி எழுதவும் செய்தார்கள். பொருள் முன்பே நெஞ்சில் இருந்ததால், சொல் வந்தபோது அது அமர்வதற்கு இடம் இருந்தது. அயல்நாடு சென்று பயில்வோரின் சொல்வளத்தை ஆராயும் இன்றைய மொழியியலார் பலரும், அங்கே தங்கியிருப்பது மட்டும் போதாது; முன்னரே ஓரளவு அடிப்படை பெற்றிருப்போரும், அம்மண்ணின் மக்களோடு கலந்து பழகுவோருமே மிகுந்த சொற்களைப் பெறுகின்றனர் என்றே காண்கிறார்கள்.

இனி, அன்னாரின் நாவும் செவியும் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சமஸ்கிருதத்தின் ஒலிகள் சில அரபியிலும் இல்லை, பாரசீகத்திலும் இல்லை. அவற்றை நாவு எழுப்ப மறுத்தது; செவி பிரித்தறிய மறுத்தது. உயிரொலி இடையிடாமல் இரண்டு மூன்று மெய்கள் சொல்லின் தொடக்கத்திலேயே அடுக்கி வந்தன. பண்டிதரின் வாயிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டு, ஒலி பிசகாமல் மிகுந்த கவனத்தோடு எழுதிக்கொள்வார்கள். பிறகு அதே சொல்லை அவர்களிடமே திரும்பப் படித்துக் காட்டினால், அது தங்கள் சொல்தான் என்று அறிந்துகொள்ளவே அவர்கள் தடுமாறுவார்கள்! ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மாபெரும் அறிஞருக்கு இது எத்தகைய தலைகுனிவு! அவர்களோ அதனைத் தமது நூலின் முதல் அதிகாரத்திலேயே எழுதி வைத்தார்கள்.

எழுத்தும் துணை செய்யவில்லை. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதப் புகுந்தபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளிட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் பாட்டிமார் கையில் கண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அத்தகைய ஏற்பாடு எதுவும் சமஸ்கிருதத்திற்கு அன்னாரிடம் இல்லை. ஒரு புள்ளி தவறினால் ஒரு பெயர் வேறு பெயராகிவிடும். பிரதி எழுதுவோரின் கவனமின்மையால், ஒன்றிரண்டு படிகளுக்குள்ளாகவே மூல நூல் உருக்குலைந்துவிடுவதாகவும் வருந்தினார்கள்.

அடுத்தது சொற்களின் பெருக்கம். ஒரே பொருளுக்குப் பல பெயர்கள். ஒரே பெயருக்குப் பல பொருள்கள். முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டே இங்கே இது இன்னது என்று துணிய வேண்டும். அரபியும் இவ்வாறானதே என்று அவர்கள் ஒப்பிடுகிறார்கள். அம்மொழியினர் இதனைப் பெருமையாகப் பேசிக்கொண்டாலும் உண்மையில் இது குறையே என்பது அவர்கள் கருத்து. சிங்கத்திற்கும் வாளுக்கும் அரபியில் எத்தனை பெயர்கள் என்று மாணவர்களிடம் பெருமையடித்துக்கொள்ளும் என்னைப் போன்றோருக்கு இவ்விடம் சற்றுச் சுருக்கென்று தைக்கும். மொழியைத் தாயிடம் கற்றவருக்கு அது செல்வம். அயலாராய் வந்து கற்பவருக்கு அது சுமை. அல்பீரூனி அவர்கள் கற்பவரின் பக்கம் நின்று பேசுகிறார்கள்.

மேலும், பேச்சுமொழி ஒன்றாகவும் நூல்மொழி வேறாகவும் இருந்தன. பொதுமக்கள் வழங்கும் மொழியைக் கற்றோர் பொருட்படுத்துவதில்லை. கற்றோரின் மொழியோ இலக்கணக் கட்டுக்கோப்பில் அமைந்து உயர்ந்தோரிடம் மட்டுமே வழங்கியது. பஞ்சாபின் தெருக்களில் கேட்ட சொல்லைக் கொண்டு நூலைப் படிக்க முடியாது. என் 'லபன்' கதையைத் தலைகீழாகத் திருப்பினால் இந்நிலை விளங்கும்.

இத்தனைக்கும் மேலே ஒரு தடை. அறிவு நூல்கள் யாவும் மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் அமைந்திருந்தன. செய்யுளில் எண்களை எண்களாகச் சொல்வதில்லை; பொருள்களின் பெயரால் சொல்வார்கள். நிலவு என்றால் ஒன்று, ஏனெனில் நிலவு ஒன்றே. கண் என்றால் இரண்டு. வேதம் என்றால் நான்கு. வானம் என்றால் சூனியம். அன்றியும் எண்ணை ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி அடுக்குவார்கள். ஆகவே வானம், கண், நிலவு என்று ஒரு வானியல் செய்யுளில் வந்தால் அதன் பொருள் 120. நிலவுக்கும் கண்ணுக்கும் சமஸ்கிருதச் சொல்லை நன்றாக அறிந்த ஓர் அயலார் இவ்விடத்தில் என்ன செய்வார்? அகராதியைப் புரட்டிப் பயனில்லை. ஓர் ஆசிரியர் அருகிருந்து சொல்ல வேண்டும். அல்பீரூனி அவர்கள் இச்சொற்களைப் பொறுமையாகத் திரட்டி, எந்த எண்ணுக்கு எந்தப் பெயர்கள் என்று பட்டியலிட்டுத் தமக்குப் பின் வருவோருக்கு வழியமைத்தார்கள்.

எண்களின் பெயர்களும் அவர்களை ஈர்த்தன. அரபியில் தனிப்பெயர் ஆயிரத்தோடு நின்றுவிடுகிறது. இந்தியரோ ஏகம், தசம், சதம் என்று தொடங்கிப் பதினெட்டு இடங்கள் வரை பெயரிட்டு, இறுதி இடத்தைப் பரார்தம் என்கிறார்கள். அவ்வரிசையில் வரும் லட்சமும் கோடியும் இன்றும் நம் கடைக் கணக்கில் புழங்குகின்றன. அச்சொற்களை அரபு எழுத்தில் அன்னார் எழுதிவைத்து ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சாதிப் பிரிவைக் குறிக்கும் 'வர்ணம்' என்ற சொல்லுக்கு நிறம் என்பது பொருள் என்றும் விளக்கிச் சென்றார்கள். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் ஸூரத்துர் ரூமில் எண்ணுகிறான். அவ்விரண்டையும் வெறுப்பின்றி உற்று நோக்கிய ஒருவரை இங்கே காண்கிறோம்.

நாளடைவில் நிலைமை மாறிற்று. மாணவராய் அமர்ந்திருந்தவர், கணிதத்தின் அடிப்படைகளையும் காரண காரியங்களையும் எடுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். பண்டிதர்கள் வியந்து நாற்புறமிருந்தும் வந்து கூடினார்கள்; இந்தியாவில் எந்தக் குருவிடம் இதைக் கற்றீர் என்று வினவினார்கள். சிலர் இது மந்திர வித்தையோ என்றுகூட ஐயுற்றார்கள். தம் பெரியோரிடம் தம் மொழியில் இவர்களைப் பற்றிப் பேசும்போது, இவர் கடல் என்றார்கள். காடியும் இனிப்பாகத் தோன்றும் அளவுக்குப் புளித்த நீர் என்றும் சொன்னார்கள். பாராட்டில் சற்றுப் புளிப்பும் கலந்திருக்கிறது அல்லவா? அதனை அன்னாரே நமக்கு எழுதிவைத்தார்கள்.

சாங்கிய நூல் ஒன்றையும் பதஞ்சலியின் யோக நூலையும் அரபியில் பெயர்த்தார்கள். மறுபுறம், யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் 'அல்மஜிஸ்தி' என்னும் வானியல் நூலையும் இந்தியருக்காக அவர்கள் மொழியில் ஆக்கும் பணியில் ஈடுபட்டார்கள். வானளக்கும் கருவியான அஸ்துர்லாபைப் பற்றியும் சொல்லி எழுதச் செய்தார்கள். தாம் சொல்வதையெல்லாம் பண்டிதர்கள் சுலோகமாக மாற்றிவிடுவதால் பொருள் இருண்டுபோகிறதே என்று அவர்களுக்கு ஒரு குறையும் இருந்தது! 'கலீலா வ திம்னா' என்று அரபியில் புகழ்பெற்ற பஞ்சதந்திரக் கதைகளை மூலத்திலிருந்து மீண்டும் பெயர்க்க விரும்பினார்கள், அது கைகூடவில்லை.

அன்னாரின் சமஸ்கிருத அறிவு எவ்வளவு ஆழமானது என்பதில் பிற்கால ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பண்டிதர்களின் துணையின்றி அவர்களால் நூல்களைப் படித்திருக்க இயலாது என்பார் சிலர். அவர்கள் எழுதியுள்ள இந்தியச் சொற்கள் பலவற்றில், ஏட்டு உச்சரிப்பை விட வடமேற்கு இந்தியப் பேச்சின் சாயலே தெரிகிறது என்பதையும் எடுத்துக்காட்டுவர். என் எண்ணத்தில் இது குறையன்று. பண்டிதரின் வாயிலிருந்து காதால் கேட்டு எழுதினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. புராணங்களில் சிலவற்றின் பகுதிகளை மட்டுமே கண்டதாக அவர்களே ஒப்புக்கொள்ளும்போது, இல்லாத புலமையை நாம் அவர்களுக்கு ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கி.பி. 1030இல் சுல்தான் மஹ்மூது காலமானார். அதே ஆண்டை ஒட்டி 80 அதிகாரங்களைக் கொண்ட 'கிதாபுல் ஹிந்த்' நிறைவுற்றது. பிற சமயத்தாரின் கொள்கையை எழுதுவோர் உள்ளதை உள்ளபடி எழுதுவதில்லை என்று அபூ ஸஹ்ல் என்னும் அறிஞருடன் நடந்த உரையாடலே அந்நூலுக்கு வித்திட்டது. வாதத்திற்காக எழுதாமல், அவர்கள் கூறுவதை அவர்கள் கூறியவாறே எடுத்துரைப்பது என்று அன்னார் முடிவு செய்தார்கள். அதற்காகவே அம்மக்களின் சொற்களைத் தேடி அலைந்தார்கள். கி.பி. 1887இல் ஜெர்மானிய அறிஞர் ஸாகௌ அதன் அரபு மூலத்தை அச்சிட்டு, மறு ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்.

அடுத்த சுல்தான் மஸ்ஊதுக்குக் காணிக்கையாக 'அல் கானூனுல் மஸ்ஊதீ' என்ற பெரும் வானியல் நூலை இயற்றியதும், அதற்குப் பரிசாக வந்த யானைச் சுமை வெள்ளியைத் திருப்பியனுப்பியதாகக் கூறப்படும் செய்தியும் நீங்கள் கேட்டிருக்கக்கூடியவை.

இறுதி நாட்களுக்கு வருவோம். எண்பது வயதைத் தாண்டிவிட்டதாக அன்னாரே குறிப்பிடுவதால், ஹிஜ்ரி 440இல் மறைந்தார்கள் என்று பலரும் எழுதுவது பொருந்தாது. 442ஐ ஒட்டி, அதாவது கி.பி. 1050 வரையிலேனும் வாழ்ந்திருக்க வேண்டும். கண்ணும் காதும் மங்கிய அந்த வயதில் ஒரு மருத்துவரின் துணையோடு 'கிதாபுஸ் ஸைதனா' என்ற மருந்துப் பொருள் நூலைத் தொகுத்தார்கள். ஒவ்வொரு மூலிகைக்கும் அரபியில் என்ன பெயர், கிரேக்கத்தில் என்ன, ஸுர்யானியில் என்ன, பாரசீகத்தில் என்ன, இந்திய மொழியில் என்ன என்று பெயர்களைத் திரட்டிய நூல் அது. பெயர் பிறழ்ந்தால் மருந்து பிறழும். மருந்து பிறழ்ந்தால் உயிர் போகும். குவாரிஸத்தில் அந்த ரோமரிடம் விதைகளையும் கனிகளையும் கொண்டுபோய்ப் பெயர் கேட்ட சிறுவனை இந்நூலில்தான் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அந்நூல் செப்பம் செய்யப்படாத முதற்படியாகவே எஞ்சியது.

மரணப் படுக்கையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, பகீஹ் அபுல் ஹஸன் அல் வல்வாலிஜீ அவர்கள் காண வந்தார்கள். வாரிசுரிமைச் சட்டத்தில் பாட்டிமார்களில் ஒரு வகையினரின் பங்கைப் பற்றி முன்னொரு நாள் நீங்கள் சொன்னது என்ன என்று அல்பீரூனி அவர்கள் அவரிடம் கேட்டார்கள். இந்த நிலையிலா என்று இரக்கத்தோடு வினவினார் வந்தவர். இதை அறியாமல் உலகை விட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்பதே விடையாக வந்தது. பகீஹ் அவர்கள் விளக்கிச் சொன்னார்கள். அன்னார் அதைத் திரும்பச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார்கள். விடைபெற்று வெளியே வந்த பகீஹ் அவர்கள் வீதியில் நடந்துகொண்டிருக்கும்போதே அவ்வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.